இரைகிற கிட்டாரை எடுத்தவர்

போன செவ்வாய்க்கிழமை காலையில், அலோர் ஸ்டாரில் நான் வேலை செய்யும் அலுவலகத்துக்கு ஒரு போன் வந்தது. பேசியவர் பீடோங் மாரியப்பன் அண்ணன். எங்கள் இசைக்குழுவை நடத்தியவர், டிரம் வாசித்தவர், இன்றைக்கும் பீடோங்கில் மளிகைக் கடை வைத்திருப்பவர். கடை திறந்திருக்கும் நேரத்தில் அவர் யாருக்கும் போன் போடமாட்டார். 

"கமலா, சவரி போயிட்டான்மா" என்றார்.

"கரண்டாண்ணே?" என்று கேட்டேன். வாயில் வந்த முதல் வார்த்தை அதுதான்.

"இல்லம்மா, ஹார்ட்டு. கோப்பி குடிச்சிட்டு நாற்காலில சாஞ்சிருக்கான். பொண்டாட்டி வந்து எழுப்பிப் பாத்திருக்கு, எழுந்திரிக்கல."

கரண்ட் இல்லை என்றதும் ஒரு நிமிடம் நிம்மதியாக இருந்தது. அப்புறம்தான் அழுகை வந்தது. பக்கத்து மேசையில் வேலை செய்யும் மலாய்க்காரப் பெண் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, இறந்தது உன் அண்ணனா என்று கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினேன். எழுந்து பஸ் நிலையத்துக்குப் போனேன்.

சுங்கை பட்டாணியிலும் பீடோங்கிலும் சுங்கை லாலாங் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களிலும் கல்யாணம், திருவிழா என்று எங்களைக் கூப்பிட்டுப் பாட வைத்தவர்கள் பலர் இதைப் படிப்பீர்கள். சவரிமுத்து என்றால் உங்களுக்குச் சட்டென்று தெரியாது. வண்டு கிட்டார் சவரி என்றால் தெரியும். இன்னும் சிலருக்கு, ஓடிப்போன சவரி என்று சொன்னால்தான் தெரியும். அந்த இரண்டு பெயர்களும் எப்படி வந்தன என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். அவர் கிட்டார் வாசித்தார், நான் பாடினேன். இரண்டு பேருக்கும் ஒரே மைக்.

சவரி அண்ணன் பயந்த சுபாவக்காரர். இதை மறைத்து எழுதினால் அவரே ஒத்துக்கொள்ளமாட்டார். பிழைப்புக்குப் பஸ் கண்டக்டர் வேலை. மழை பெய்தால் டிக்கெட் கிழிப்பதை விட்டுவிட்டு டிரைவருக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார். "மெதுவாண்ணே, பெலான் பெலான்" என்று குரூண் ஊரைத் தாண்டும்வரை சொல்லிக்கொண்டே வருவார். இடி இடித்தால் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொள்வார். பஸ்ஸில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். அவர் கோபித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. "சிரிங்க லா. இறங்கறப்ப முழுசா இறங்கிப் போங்க, அது போதும் எனக்கு" என்பார்.

எழுபதுகளின் நடுவில் அவருடைய பழைய கிட்டாரின் கழுத்து வெடித்துவிட்டது. சுங்கை பட்டாணியில் வாத்தியக் கடை வைத்திருந்த ஒரு சீனத் தவுக்கே எங்களுக்குப் பழக்கம். அவரிடம் அப்போது இரண்டு எலெக்ட்ரிக் கிட்டார்கள் வந்திருந்தன. பட்டர்வொர்த்திலிருந்து ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரர்கள் விற்றுவிட்டுப் போனவை. இரண்டும் பார்க்க இரட்டைப் பிள்ளைகள்தான். உடம்பில் ஒரு பக்கம் மட்டும் கழுத்தடியில் வளைத்து வெட்டியிருக்கும். அந்த வெட்டுக்குள் கையை விட்டு உச்சி சுரங்களை எட்டலாம். இரண்டுக்கும் தேன் நிறம், ஓரத்தில் வெள்ளைக் கோடு. ஒன்றின் முதுகில் ஒரு கீறல் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். எது நல்லது என்று கேட்டதற்கு, "டுவா டுவா சாமா லா" என்று தவுக்கே கையை விரித்தார். இரண்டும் ஒன்றுதானாம். வாசித்துப் பார்த்துவிட்டு வேண்டாததைத் திருப்பிக் கொண்டுவரச் சொல்லி, இரண்டையும் எங்களிடமே கொடுத்தனுப்பினார்.

மாரியப்பன் அண்ணன் கடைக்குப் பின்னால், அரிசி மூட்டைகளுக்கு நடுவில்தான் எங்கள் ஒத்திகை. சவரி அண்ணன் கீறல் இல்லாத கிட்டாரை முதலில் மாட்டினார். கம்பியில் கை வைத்ததும் ஆம்ப்ளிஃபையர் மூச்சடங்கியது போல அமைதியானது. ஒரு சுரத்தை இழுத்தார். அப்படி ஒரு குரல் எங்கள் குழுவில் அதுவரை கேட்டதில்லை. மாரியப்பன் அண்ணன் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். சவரி அண்ணன் முகத்தில் அன்றைக்கு வந்த சிரிப்பை அதற்கப்புறம் அவருடைய கல்யாணத்தில்தான் பார்த்தேன்.

அடுத்து, கீறல் விழுந்த கிட்டாரை மாட்டினார். அதன் குரலும் மோசமில்லை. ஆனால் வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும், டின்னுக்குள் மாட்டிக்கொண்ட வண்டு மாதிரி இரைந்துகொண்டே இருந்தது. கம்பியைத் தொட்டாலும் அது நிற்கவில்லை.

"இதுல யோசிக்க என்னா இருக்கு? மொதல்ல வாசிச்சதுதான்" என்றார் மாரியப்பன் அண்ணன்.

சவரி அண்ணனுக்கும் அதே எண்ணம்தான். நல்ல கிட்டாரைத் திரும்ப மாட்டிக்கொண்டு, என்னோடு இரண்டாம் குரல் பாடுவதற்காக மைக்குக்குக் குனிந்தார். உதடு பட்டதுதான் தாமதம், அலறிக்கொண்டு பின்னால் துள்ளி அரிசி மூட்டைமேல் விழுந்தார். "சுருக்குனு கடிச்சிருச்சு. நெருப்பெறும்பு மாதிரி" என்றார். உதட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

மாரியப்பன் அண்ணன் பிளக்கைப் பிடுங்கித் திருப்பிச் செருகினார். இப்போது கடிக்கவில்லை. பழையபடி செருகினால் கடித்தது. இரைகிற கிட்டாரை மாட்டினால், எப்படிச் செருகினாலும் கடிக்கவில்லை. ஏன் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

"அப்புறம் என்னா, பிளக்கச் சரியாப் போட்டா முடிஞ்சு போச்சு."

"கடைல நீங்க போடுவீங்கண்ணே. தோட்டத்துல யாரு போடுவா?"

தோட்டங்களில் எங்களுக்குக் கரண்ட் கொடுத்த விதம் உங்களுக்கு நினைவிருக்கும். எங்கள் பிளக் அங்கே உள்ள ஓட்டைக்குப் பொருந்தாது. வயரின் நுனியை உரித்து, செம்புக் கம்பியை அப்படியே ஓட்டைக்குள் நுழைத்து, தீக்குச்சி சொருகி இறுக்கிவிடுவார்கள். எந்த வயர் எந்த ஓட்டைக்குப் போகிறது என்று யார் பார்த்தது? ஆம்ப்ளிஃபையரில் விளக்கு எரிந்தால் சரி. அதை நினைத்ததும் எனக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கிட்டாரின் குரல் என் பாட்டுக்குப் பின்னால் வரவேண்டும் என்ற ஆசையும் விடவில்லை.

சவரி அண்ணன் நல்ல கிட்டாரை அதன் பெட்டிக்குள் வைத்தார். மூடுவதற்கு முன் அதை ஒரு தடவை தடவிக் கொடுத்தார். "இது வேணாம்ணே" என்றார். மாரியப்பன் அண்ணனுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. "பயந்தாங்கொள்ளி! ஒரு சுருக்குக்காக இப்படி ஒரு சாமான விடுவியா?" என்று கத்தினார். சவரி அண்ணன் திட்டையெல்லாம் கேட்டுக்கொண்டு, "காரணம் தெரிஞ்சப்புறம் பயந்தா லேட்டுண்ணே" என்றார். 

அப்படித்தான் அவர் வண்டு கிட்டார் சவரி ஆனார். நான் மெல்லிசாகப் பாடும் இடங்களில் எல்லாம் அந்த இரைச்சல் கூடவே வரும். பந்தலில் முன்வரிசைப் பையன்கள் உதட்டைக் குவித்து அதே மாதிரி இரைந்து காட்டுவார்கள். கல்யாண வீட்டுக்காரர்கள், ஒலிபெருக்கிப் பெட்டி கெட்டுப் போய்விட்டதா என்று வந்து விசாரிப்பார்கள். எனக்கு அழுகையே வரும். மாரியப்பன் அண்ணன், "கழட்டிப் பாத்து ஒரு ஒயர வெச்சு ஒட்டுனா சரியாப் போயிடும்" என்று மாதத்துக்கு ஒரு தடவையாவது சொல்வார். சவரி அண்ணன் அந்தக் கிட்டாரை யாரையும் தொடவே விட்டதில்லை.

கிட்டாரோடு நிற்காமல் இன்னொரு வேலையும் ஆரம்பித்தார். கோயில் திருவிழாக்களில் மேடை கோயில் வளாகத்துக்குள்ளேயே இருக்கும். செருப்புப் போட்டுக்கொண்டு ஏற முடியாது. வெறுங்காலோடு, பல நேரம் ஈரத்தில், நின்று பாடவேண்டும். சவரி அண்ணன் தோட்டத்துப் புகைக்கூடத்துக்குப் போய், புகையில் காயவைத்த ரப்பர் ஷீட் இரண்டைக் கெஞ்சி வாங்கிக்கொண்டு வருவார். ஒன்றை என் காலடியில் போடுவார், ஒன்றைத் தன் காலடியில் போட்டுக்கொள்வார். அந்த நாற்றம் உங்களுக்கே தெரியும். "சாமி முன்னுக்கு என்னாய்யா இது?" என்று கோயில் தலைவர்கள் சண்டைக்கு வருவார்கள். அவர் கத்தோலிக்கர், இருந்தாலும் அம்மனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, "சாமி கோவிச்சுக்காதுங்க ஐயா, சாமிக்குப் புரியும்" என்பார். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு ஷீட்மேல் ஏறுவேன்.

திருப்பிக் கொடுத்த நல்ல கிட்டாரைத் தவுக்கே, ராஜன் என்பவரிடம் விற்றுவிட்டார். கோத்தா கோலா மூடாவில் மீனுக்கு ஐஸ் போடும் இடத்தில் வேலை செய்த ராஜன், வேறொரு குழுவின் கிட்டார்க்காரர். அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. விஷயம் தெரிந்ததும் சவரி அண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை. லீவு நாளில் பஸ் ஏறி கோத்தா கோலா மூடாவுக்கே போய், அந்தக் கிட்டாரைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். ராஜன் சிரித்துவிட்டு, "அண்ணே, உங்களுக்கு வண்டு, எனக்கு இது. அவங்கவங்க ராசி லா" என்று சொல்லி, கோப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார். 

அந்த வருஷம் பீடோங் பக்கத்து ஒரு தோட்டத்தில் மாரியம்மன் திருவிழா. ராஜனின் குழு முதலில், நாங்கள் அடுத்து என்று ஏற்பாடு. மதியம் முழுதும் அடித்த மழை, பொழுது சாயும் நேரத்தில்தான் விட்டது. மேடை என்பது மண்ணைக் குவித்துத் தட்டிய திட்டு. அது சொதசொதவென்று ஊறிக் கிடந்தது. சவரி அண்ணன் அதைக் காலால் அழுத்திப் பார்த்தார். "நான் போயி ஷீட்டு கொண்டாரேன். இன்னிக்கு அந்தப் பையனுக்கும் சேத்துக் கேக்கறேன். கமலா, நான் வர்ற வரைக்கும் நீ மேடைல ஏறாதே" என்று சொல்லிவிட்டுப் புகைக்கூடத்துப் பக்கம் போனார்.

அவர் வருவதற்குள் ராஜன் ஆரம்பித்துவிட்டார். வெறுங்கால், ஈர மண், கழுத்தில் அந்தக் கிட்டார். அதன் குரல் ரப்பர் மரங்களுக்கிடையே போய்த் திரும்பி வந்தது. கூட்டம் முன்னால் நெருங்கியது. நான் மேடை ஓரத்தில் நின்றுகொண்டிருந்தேன். ராஜன் பாடுவதற்காக மைக்கை ஒரு கையால் பிடித்து இழுத்தார்.

உடனே அவர் உடம்பு விறைத்தது. பல் இறுகியது. தோள்கள் வெடவெடவென்று ஆடின. முதலில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் கூட்டத்தில் ஒரு பெண், "ஆத்தா வந்துட்டா!" என்று கூவினாள்.

 பெண்கள் குலவை போட்டார்கள். ஆண்கள் கையைத் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டார்கள். ஓரமாக உட்கார்ந்திருந்த உறுமி மேளக்காரர்கள், சாமி வந்தவருக்கு அடிக்கிற அடியை அடிக்கத் தொடங்கினார்கள். ராஜனின் மனைவி முன்வரிசையில் இருந்தாள். அவளும் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். பூசாரி திருநீற்றுத் தட்டோடு, ராஜனின் நெற்றியில் பூசுவதற்காகத் திட்டின்மேல் ஏறினார். கிட்டாரைப் பிடித்த விரல்களிலிருந்து புகை வருவதை நான் பார்த்தேன். கத்தினேன். உறுமிச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அப்போதுதான் சவரி அண்ணன் ரப்பர் ஷீட்டைத் தோளில் போட்டுக்கொண்டு கோயில் வாசலுக்கு வந்தார். மேடையைப் பார்த்தார். ஷீட்டையெல்லாம் போட்டுவிட்டு, வந்த வழியே திரும்பி ஓடினார். கூட்டத்தில் பாதிப் பேர் அதைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அவர் முகம் வெளுத்திருந்தது. போய்விட்டார் என்றுதான் நினைத்தேன்.

பூசாரியின் கை ராஜனின் நெற்றியைத் தொடப்போகும் நேரத்தில் எல்லா விளக்கும் அணைந்தது. உறுமி நின்றது. ராஜன் கிட்டாரோடு சரிந்து விழும் சத்தம் கேட்டது. புகைக்கூடத்துக்குப் பக்கத்தில் இருந்த எஞ்சின் கொட்டகையில், கரண்ட் கொடுக்கிற எஞ்சினை யாரோ நிறுத்தியிருந்தார்கள். மாரியப்பன் அண்ணன் அங்கே போய்ப் பார்த்தபோது, சவரி அண்ணன் எஞ்சின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாராம்.

ராஜன் பிழைத்தார். தோட்டத்து லோரியில் சுங்கை பட்டாணிக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு விரல்கள் மட்டும் மடங்கினது மடங்கினபடி நின்றுவிட்டன. அதற்கப்புறம் அவர் வாசிக்கவில்லை. பின்னால் அலோர் ஸ்டாரில் ரேடியோ பழுதுபார்க்கும் ஒருவரிடம் மாரியப்பன் அண்ணன் விசாரித்திருக்கிறார். நல்ல கிட்டாரில் கம்பிகளை ஒரு உள்வயர் ஆம்ப்ளிஃபையரோடு சேர்த்திருக்கும். இரைகிற கிட்டாரில் அந்த வயர் எப்போதோ அறுந்திருக்கும், அதனால்தான் இரைச்சல், அதனால்தான் கரண்ட் கைக்கு வரவில்லை என்று அவர் விளக்கியிருக்கிறார். மாரியப்பன் அண்ணன் ஒட்டச் சொல்லிக்கொண்டிருந்த வயர் அதுதான்.

இவ்வளவுக்கும் பிறகு ஊரில் நின்ற பேச்சு, சவரி ஓடினான் என்பதுதான். எஞ்சினை நிறுத்தியது யார் என்று இருட்டில் யார் பார்த்தார்கள்? ஓடினதைத்தானே எல்லோரும் பார்த்தார்கள். கல்யாண வீடுகளில் அவர் முன்னாலேயே ஓடிக் காட்டிச் சிரிப்பார்கள். நான் கோபப்பட்டு எழுந்தால் அவர் கையைப் பிடித்து உட்கார வைப்பார். "ஆமா, ஓடத்தான் செஞ்சேன். பயந்துதான் ஓடுனேன். எஞ்சின் பக்கம் திரும்புனது என் காலு, நானில்ல" என்பார். அது அடக்கமா, உண்மையா என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை. உண்மை என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை மதியம் நான் சவரி அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது உள்ளே நிறைய ஆட்கள். ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். சவப்பெட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு ராஜன் நின்றிருந்தார்; தலைமுடி பாதி நரைத்திருந்தது. அவர் மனைவி பக்கத்தில் நின்று, சவரி அண்ணனின் காலைத் தொட்டுத் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். 

சவரி அண்ணனின் மனைவி லூர்து அக்கா என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போனார். கட்டிலுக்குப் பக்கத்தில் அந்தக் கிட்டார், முதுகுக் கீறலோடு சுவரில் சாய்ந்திருந்தது. "நீ எடுத்துக்கிறியா கமலா? உன் பாட்டுக்குத்தானே வாசிச்சாரு" என்றார்.

 "அண்ணன் பயந்துட்டாருக்கா. இல்லன்னா அந்த இன்னொன்னத்தான் எடுத்திருப்பாரு. அவ்ளோ ஆசைப்பட்டாரு" என்றேன்.

லூர்து அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "உனக்குத் தெரியாதா? தனியா வாசிக்கிறவனா இருந்தா, கடிச்சாலும் பரவால்லன்னு அதத்தான் எடுத்திருப்பேன்னு சொல்வாரு. 'அந்தப் பொண்ணு மைக்குல வாய ஒட்ட வெச்சுக்கிட்டுப் பாடும், என் கை அது தோள்ல உரசிக்கிட்டே இருக்கும். எதாச்சும் ஆச்சுன்னா நான் என்னா பண்ணுவேன்?' இத எத்தன தடவ சொல்லியிருப்பாரு. எனக்குச் சலிச்சே போச்சு."

நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். அத்தனை வருஷமும் அந்த இரைச்சலைக் கரித்துக்கொட்டியது நான். அத்தனை வருஷமும் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கிட்டாரை அக்காவின் மகனுக்கே வைத்துக்கொள்ளச் சொன்னேன். எனக்கு வேண்டாம் என்பதற்குக் காரணம் அந்த இடத்தில் சொல்ல வரவில்லை. இங்கே சொல்கிறேன்.

மறுநாள் அடக்கம் முடிந்து அலோர் ஸ்டார் வீட்டுக்குத் திரும்பினேன். அந்தத் திருவிழாவுக்கு இரண்டு மூன்று வருஷம் கழித்துப் பிறந்தவள் என் மகள். கழுவிவிட்ட தரை இன்னும் காயவில்லை. அதில் வெறுங்காலோடு நின்று பள்ளிச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். வாசலிலேயே பையைப் போட்டுவிட்டு ஓடிப்போய் சுவிட்சை அணைத்தேன். காலில் செருப்பை மாட்டிவிட்டேன். நான் செய்ததைப் பார்த்து அவள் சிரித்தாள்.

"என்னாம்மா நீங்க, இப்படிப் பயப்படுறீங்க?"

ஆமாம் என்றேன். சவரி அண்ணன் பயந்ததால் உயிரோடு இருந்து இவளைப் பெற்றவள் நான்; அவரிடமிருந்து எனக்கு வந்தது இந்தப் பயமும் இந்தப் பெண்ணும். இரண்டையும் நான் வைத்துக்கொள்கிறேன்.